பேவர் பிளாக் வேண்டாம், வழி விட்டால் போதும்

மூன்று வருடத்துக்கு முன்னால் நானே ஒரு மனு எழுதினேன். பூம்புகாரிலிருந்து தரங்கம்பாடி வரை கடலோரமாக நடைபாதை போட வேண்டும். பேவர் பிளாக் பதிக்க வேண்டும். நூறு மீட்டருக்கு ஒரு பெஞ்ச், சோலார் விளக்கு, நடுவில் இரண்டு இடத்தில் செல்ஃபி பாயின்ட். கடைசியாகச் சொன்னது என் யோசனை இல்லை, மனுவை டைப் அடித்துக் கொடுத்த பையன் சேர்த்தது. ஆனால் கையெழுத்து என்னுடையது. இருபத்தேழு வருடம் சமூக அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற டீச்சரின் கையெழுத்துக்கு ஏதோ மதிப்பு இருக்கும் என்று நம்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர்கள் ஒரு நகலில் சீல் குத்தித் தந்தார்கள். அதோடு சரி, இன்றுவரை பதில் இல்லை. நல்லவேளை.

கடற்கரை ஊர் என்றாலே அலங்கார விளக்கு, கல் பதித்த நடைபாதை, ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்தில் நிறுத்தி வைத்த பலகை என்று ஆகிவிட்ட காலம் இது. எங்கள் கரைக்கும் ஒருநாள் அது வரும். வருவதற்குள் என் மனுவை நானே வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஏன் என்று சொல்ல வேண்டுமல்லவா, அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

போன மாசியில் தங்கை மகளைக் கூட்டிக்கொண்டு சின்னங்குடியிலிருந்து தரங்கம்பாடிக்குக் கரையோரமாகவே நடந்தேன். மனு எழுதும்போது நான் அந்தக் கரையை முழுசாக நடந்தவளில்லை. பிறந்தது பொறையாறு, கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தரங்கம்பாடிக்குப் போய்க் கோட்டை முன்னால் கால் நனைத்துவிட்டுத் திரும்புவோம், அவ்வளவுதான். வடக்கே வானகிரி, சின்னமேடு, தாழம்பேட்டை, புதுப்பேட்டை, பெருமாள்பேட்டை, குட்டியாண்டியூர் என்று வரிசையாக மீனவ ஊர்கள் இருக்கின்றன. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். அவர்கள் ஊருக்குப் போனது கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான், அதுவும் ரோட்டு வழியாக. கரை வழியாகப் போனால் பூம்புகாருக்கும் தரங்கம்பாடிக்கும் ஏறக்குறைய 13 கிலோமீட்டர்தான். ரோட்டில் போனால் திருக்கடையூர் பக்கம் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். ஐந்து நிமிடத்தில் ஒன்று புரிந்துவிட்டது. ஈர மணலில் கால் புதைவதில்லை, தார் ரோடு மாதிரி கெட்டியாக இருக்கிறது. நாலடி மேலே ஏறினால் கணுக்கால் வரை இறங்குகிறது. அலை எட்டித் திரும்புகிற இடத்தை ஒட்டியே போனால் முழங்கால் வலிக்காரியான நானும் இரண்டரை மணி நேரம் நடக்க முடிகிறது. நடைபாதையைக் கடல் தினம் ஒருமுறை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டு வைக்கிறது. நான் பெரிய எழுத்தில் மனு போட்டுக் கேட்டது ஏற்கெனவே அங்கே கிடந்தது.

மேட்டு மணலில் இராவணன் மீசை படர்ந்திருந்தது. அதற்குக் கொஞ்சம் உள்ளே அடப்பங்கொடி, ஊதாப் பூவோடு. இந்த இரண்டும்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கின்றன என்று கரும்பலகையில் எத்தனை முறை படம் வரைந்திருப்பேன்! நேரில் பார்த்தபோது வேரைக் கையால் இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. ஓரிடத்தில் செத்துப்போன பங்குனி ஆமை ஒன்று ஒதுங்கிக் கிடந்தது, ஓடு ஒரு முறம் அகலம். தங்கை மகள் போட்டோ எடுக்கப் போனவள் கிட்டே போனதும் செல்போனைக் கீழே இறக்கிவிட்டாள்.

எதிர்ப்பட்ட மனிதர்களைக் கையால் எண்ணிவிடலாம். வலை பிரித்துக்கொண்டிருந்த நாலு பேர், ஃபைபர் படகைத் தள்ளிக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர், தனியாகக் கிளிஞ்சல் பொறுக்கிய ஒரு பெண் குழந்தை. கடற்கரை வெறிச்சோடிக் கிடக்கிறது என்று நகரத்துக்காரர் சொல்வார். கடல்மேல் போனவர்கள் திரும்பாத வேளை அது, அவ்வளவுதான். ஒன்பது மணிக்குப் போயிருந்தால் ஏலச் சத்தத்தில் காது கிழிந்திருக்கும்.

பாதி வழியில் ஒரு அக்காவைப் பார்த்தோம். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். பழைய வலையை மணல்மேல் விரித்து நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அன்னக்கூடை, அதற்குள் சும்மாடு சுருட்டி வைத்திருந்தது. அவர் பேத்தி என்னிடம் படித்தவளாம், பார்த்ததுமே “டீச்சர்” என்றார். என்ன இந்தப் பக்கம் என்று கேட்க, நான் கொஞ்சம் பெருமையாகவே மனு விஷயத்தைச் சொன்னேன். கல் பாதை வந்தால் உங்களுக்கும் நடக்கச் சௌகரியம்தானே அக்கா என்று கேட்டேன்.

நெத்திலியை விரலால் கலைத்துவிட்டபடியே சொன்னார்: “நல்லாப் போடுங்க டீச்சர். கல்லு நல்லாச் சுடும், கருவாடு ஒரே நாள்ல காஞ்சிரும். நாங்க அதுலதான் காயப்போடுவோம். ஆறு மாசம் கழிச்சு நீங்களே வந்து நாத்தம் அடிக்குதுன்னு இன்னொரு மனு குடுப்பீங்க.”

தங்கை மகள் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இடத்தில் மனுவை மனசுக்குள் கிழித்துப் போட்டேன்.

அந்த அக்கா சொன்னது வேடிக்கைப் பேச்சல்ல, சென்னையில் நடந்த கதை. மெரினா லூப் ரோட்டை நினைத்துப் பாருங்கள். நொச்சிக்குப்பத்து மீனவர்கள் படகு நிறுத்தி வலை உலர்த்திய கரையில் ரோடு வந்தது. பிறகு அந்த ரோட்டோரத்தில் அவர்கள் மீன் விற்றது போக்குவரத்துக்கு இடைஞ்சல் ஆனது. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்துக் கடைகளை அகற்றச் சொன்னது. மீனவர்கள் மீனை நடுரோட்டில் போட்டுப் போராடினார்கள். ரோடு கரைக்கு வந்ததா, கடை ரோட்டுக்கு வந்ததா என்று ஒரு குழந்தையைக் கேட்டாலும் சொல்லும். கரையில் ஒருமுறை கல் பதித்துவிட்டால் அதற்கு முன்னால் அங்கே இருந்தவர் அன்றிலிருந்து ஆக்கிரமிப்பாளர். நடைபாதையும் அப்படித்தான், ரோட்டுக்குத் தம்பி.

இதற்கு ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. சக்கர நாற்காலிக்காரர்கள் கடலைப் பார்க்க வேண்டாமா? பார்க்கத்தான் வேண்டும். மெரினாவில் 2022 நவம்பர் கடைசியில் அவர்களுக்காக மரப்பாதை திறந்தார்கள், நல்ல காரியம். டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் வந்து அதன் ஒரு பகுதியைப் பெயர்த்தது. செப்பனிட்டார்கள், அதுவும் நல்ல காரியம். ஒரு நகரத்தின் நடுவில், பார்த்துக்கொள்ள ஆளிருக்கிற இடத்தில், சில நூறு மீட்டருக்கு அது சரி. தரங்கம்பாடிக் கோட்டை முன்னாலும் அப்படியொன்று கட்டாயம் வேண்டும். அதையே 13 கிலோமீட்டருக்கு இழுத்தால் ஐப்பசி, கார்த்திகை தாண்டுமா என்பதுதான் கேள்வி.

நடையின் கடைசிப் பகுதிதான் எனக்கு மறக்க முடியாதது. தரங்கம்பாடிக்கு எல்லோரும் மேற்கிலிருந்துதான் வருகிறார்கள். பஸ்ஸிலோ காரிலோ வந்து, 1792இல் கட்டிய வெள்ளைக் கோட்டைவாசலுக்குள் நுழைந்து, ராஜா தெருவில் நேராகப் போய்க் கடலில் முட்டி நிற்பார்கள். நாங்கள் தலைகீழாக வந்தோம். வடக்கிலிருந்து கரையோரமாக வரும்போது முதலில் தெரிவது மாசிலாமணிநாதர் கோயில். குலசேகர பாண்டியன் காலத்தில் 1306இல் எழுந்த கோயில் அது. கிழக்கே இன்னும் நிலம் இருந்தது, தெருவே இருந்தது என்பார்கள் பெரியவர்கள். என் சிறு வயதில் முன்பகுதி இடிந்து, அலை வாசலைத் தொட்டுக்கொண்டிருந்தது. சுனாமிக்குப் பிறகு எடுத்துக் கட்டி, முன்னால் கருங்கல் கொட்டிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் டேனிஷ் காலத்துப் பங்களா, அப்புறம் திறந்த மைதானம், அதன் ஓரத்தில் மஞ்சள் நிறத்தில் டான்ஸ்போர்க் கோட்டை. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கிக்கொண்டு டென்மார்க்காரர்கள் கட்டியது. 1706 ஜூலையில் பாதிரியார் சீகன்பால்கு வந்து இறங்கியதும் இந்தக் கரையில்தான். அவரும் கடல் பக்கமாகத்தான் இந்த ஊரை முதலில் பார்த்திருப்பார். நாம் முன்வாசல் என்று நினைப்பது அவருக்குப் புழக்கடை.

“மதில் சூழ்ந்த ஊர்னு சொன்னீங்களே பெரியம்மா, மதில் எங்கே?” என்று கேட்டாள் தங்கை மகள்.

நல்ல கேள்விதான். 1733இல் டிரெல்லுண்ட் என்பவர் வரைந்த வரைபடத்தில் பார்த்தால் நாலு பக்கமும் மதில், கொத்தளம், அகழி எல்லாம் உண்டு. அந்த வரைபடத்தின் தெருக்கள் இன்றும் அப்படியே இருக்கின்றன. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடிதம் பட்டுவாடா பண்ணலாம். மதில்தான் இல்லை, இங்கொரு துண்டு அங்கொரு துண்டாக மிச்சம். கடல் பக்கம் கடல் தின்றது, மற்ற பக்கம் மனிதர் தின்றிருப்பார்கள். வாசல் மட்டும் பெரிய மரக்கதவோடு நிற்கிறது, வீடு விழுந்த பிறகும் நிலைப்படி நிற்கிற மாதிரி. கதவைச் சாத்தினால் யாரையும் தடுக்க முடியாது. ஆனாலும் அதன் வழியாகத்தான் எல்லோரும் போகிறோம், நானும் ஐம்பது வருடமாக அப்படித்தான்.

1845இல் டென்மார்க் இந்த ஊரையும் வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டது. விற்ற பிறகு துறைமுகம் தூங்கிப்போனது. மாயவரத்திலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் 1986இல் நிறுத்திவிட்டார்கள். (அம்மா அந்த ரயிலில்தான் மாயவரத்துக்குப் புடவை எடுக்கப் போவார். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இன்னொரு மனு ஆகிவிடும்.) ஊர் தூங்கியதால்தான் தெரு பிழைத்தது, அடுக்குமாடி வரவில்லை. இந்தக் கரையும் அதே காரணத்தால்தான் பிழைத்திருக்கிறது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

கோயில் முன்னால் கொட்டியிருந்த கருங்கல்லைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தேன். முட்டியில் நல்ல சிராய்ப்பு. அதுவரை கடல் போட்டுக் கொடுத்த பாதையில் வந்தவள், மனிதர் போட்ட கல்லில் விழுந்தேன் என்று சொன்னால் கதைக்காகச் சொல்வது போல இருக்கும்; நடந்தது அதுதான். கல் கொட்டியதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, எழுநூறு வருடத்துக் கோயிலை வேறு எப்படிக் காப்பது? ஆனால் கல் கொட்டிய இடத்தில் மணல் நிற்பதில்லை, அலை அடியில் அரித்துக்கொண்டு போய்விடும். நம் கரையில் தென்மேற்குப் பருவத்தில் மணல் வடக்கே போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே வரும். கணக்குப் பார்த்தால் வடக்கே போவதுதான் கூட. நடுவில் ஒரு சுவரைக் கடலுக்குள் நீட்டினால் தெற்கே மணல் குவியும், வடக்கே கரை தேயும். 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர் நீட்டிய பிறகு புதுச்சேரி தன் மணற்கரையை அப்படித்தான் தொலைத்தது. ஊர் முன்னால் கருங்கல் கொட்டி, பல வருடம் கழித்து, 2018 வாக்கில் கடலுக்கடியில் செயற்கைத் திட்டு போட்ட பிறகுதான் மணல் கொஞ்சம் திரும்பி வந்தது. பத்தாம் வகுப்பில் இதைச் சொல்லிக் கொடுக்கும்போது எந்தப் பிள்ளையும் கொட்டாவி விட்டதில்லை, முக்கால்வாசிப் பேர் வீட்டில் பார்த்த சங்கதி.

இப்போது தரங்கம்பாடியிலும் மீன்பிடித் துறைமுகம் வந்துவிட்டது. படகுக்காரர்கள் வருடக்கணக்கில் கேட்டது, வந்தது நல்லதே. ஆனால் இனிமேல் இந்தக் கரையில் வைக்கிற ஒவ்வொரு கல்லுக்கும் மணல் பதில் சொல்லும்.

கல்லைவிட எனக்குப் பயம் வேலியைப் பார்த்துத்தான். 2004 டிசம்பர் 26ஆம் தேதி அன்றைய நாகை மாவட்டத்தில் சுனாமியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் அந்த ஜனவரியில் நான் கூப்பிடாமல் தாண்டிய பெயர்கள் உண்டு, அதை இங்கே எழுதப்போவதில்லை. 2005 மார்ச்சில் வந்த அரசாணைப்படி கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் போனால் புது வீடு, பழைய இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். பலர் போனார்கள். தொழில் கடலில் என்பதால் விடியற்காலையில் புதுக்குடியிருப்பிலிருந்து கரைக்கு நடந்து வருகிறார்கள். பெண்கள் கூடையோடு கரையிலிருந்து ஊருக்குள் நடக்கிறார்கள். தினசரி நடைப்பயணிகள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் இவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

மீனவரை 200 மீட்டர் தள்ளிப் போகச் சொன்ன நாட்டில், 2019இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை என்ன சொல்கிறது? கிராமப்புறத்தில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கிற இடங்களில் கட்டடம் கூடாத பகுதி 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறையலாம் என்கிறது. வீடு கட்ட இடமில்லாத மீனவக் குடும்பத்துக்கு இது உதவலாம், மறுக்கவில்லை. ஆனால் கடலைப் பார்த்த அறை என்று விளம்பரம் செய்கிறவருக்கும் அதே 50 மீட்டர்தான். அவர் முதலில் போடுவது கம்பிவேலி, அடுத்தது வாட்ச்மேன். இந்தப் பக்கம் போகாதீங்க என்று வாட்ச்மேன் ஒரு வருடம் சொன்னால் போதும், நூறு வருடத்து வழி மறந்துவிடும்.

வழி மறக்காமல் பார்த்துக்கொள்கிற ஒரு கரையையும் பார்த்திருக்கிறேன். என் நாத்தனார் காரைக்காலில் வாழ்க்கைப்பட்டவர், அவர் மகள் பிரான்சில் ரென் நகரத்தில் இருக்கிறாள். காரைக்காலில் இப்படிக் குடும்பத்துக்குக் குடும்பம் உண்டு. அவள் பிள்ளைப்பேற்றுக்குப் போயிருந்தபோது ஒருநாள் என்னை சேன்-மாலோவுக்குக் கூட்டிப் போனாள். 1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த லா பூர்தொனே பிறந்த ஊர். அது நிஜமாகவே மதில் சூழ்ந்த ஊர். 1944 ஆகஸ்ட் குண்டுவீச்சில் உள்ளே எல்லாம் நொறுங்கி, பிறகு பழையபடியே கல்லடுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மதில்மேல் ஊரைச் சுற்றி வரலாம். மதிலைவிட என்னைக் கவர்ந்தது வெளியே இருந்த கரைப்பாதை. 1791இல் கடத்தல்காரர்களைப் பிடிக்கச் சுங்கக் காவலர்கள் நடந்து நடந்து உண்டான தடம், பிரித்தானிப் பகுதியின் கரை நெடுகப் போகிறது. ஊரை நெருங்கும்வரை பல இடத்தில் வெறும் மண்தடம், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும். பெஞ்ச் அபூர்வம். அதற்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. 1976 டிசம்பரில் வந்தது. கடலை ஒட்டித் தனியார் நிலம் வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் கரையோரம் 3 மீட்டர் அகலத்துக்குப் பாதசாரிகளுக்கு வழி விட வேண்டும். செலவு என்று பார்த்தால் காகிதமும் மையும்தான்.

எனவே என் புதிய மனு இது. மயிலாடுதுறை மாவட்டக் கரையில், பூம்புகார் முதல் சந்திரபாடி வரை, மக்கள் நடக்கிற கரைவழியை வரைபடத்தில் கோடாகப் போடுங்கள். வலை உலர்த்துகிற இடம், படகு ஏற்றுகிற இடம், கருவாட்டுக் களம் எல்லாவற்றையும் குறிக்க வேண்டும் என்று மீனவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே வரைபடத்தில் இதுவும் ஒரு கோடாக இருக்கட்டும். அந்தக் கோட்டின்மேல் வேலி கூடாது என்று ஓர் ஆணை போதும். கருங்கல் கொட்டியே ஆக வேண்டிய இடத்தில் ஏறி இறங்கப் படி வையுங்கள். அன்னக்கூடையோடு வருகிறவர் என்னைப் போல விழக் கூடாது. இரண்டு முனையிலும் பெண்கள் போகிற மாதிரி கழிப்பறை கட்டுங்கள். அதற்கு முன்னால் நடுவில் இருக்கிற ஊர்களில் கட்டுங்கள், ஏனென்றால் அங்கே இருப்பவர்கள் தினம் இருப்பவர்கள். எங்கே வழி, எங்கே சுற்றிப் போக வேண்டும் என்பதை ஒவ்வொரு ஊர்ப் பஞ்சாயத்தாரும் சொல்லட்டும். வெளியூரிலிருந்து வருகிறவர் பாட்டிலைப் போட்டுவிட்டுப் போனால் அபராதம் போடும் உரிமையும் அவர்களுக்கே இருக்கட்டும். பேவர் பிளாக் வேண்டாம். செல்ஃபி பாயின்ட் அறவே வேண்டாம்.

நடந்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாசி, பங்குனி நல்ல காலம். ஆறரைக்குள் கிளம்பிவிடுங்கள், ஒன்பதுக்கு மேல் மணல் சுடும். தண்ணீர் கையோடு வேண்டும், செருப்பைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வலை விரித்திருந்தால் தாண்டாதீர்கள், சுற்றிப் போங்கள். நெத்திலி காயவைக்கிற அக்காவைப் பார்த்தால் கால் கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். டீச்சர் மனுவை வாபஸ் வாங்கிவிட்டார் என்றும் சொல்லிவிடுங்கள்.